உளியின் சாய்வு

மாமா தச்சு வேலையை நிறுத்திய பிறகு, அவருடைய ஆயுதப் பெட்டியை என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் நெடுநாள் தீராமல் கிடந்தது. பெட்டியில் இருந்தவற்றில் பாதி அவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியவை; மீதி என் தாத்தாவிடமிருந்து வந்தவை; அவற்றிலும் ஒன்றிரண்டு தாத்தாவின் தகப்பனார் காலத்தவை என்று சொல்வார்கள். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மாமா மகன், கண்ணாடி அலமாரி ஒன்று செய்து அதில் அடுக்கி வைக்கலாம் என்றான். என் அம்மா, ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பப் பரணில் ஏற்றினால் போதும் என்றாள். பழைய மரச்சாமான்களை வாங்கி விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் அலங்காரத்துக்கு விற்கும் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, காயலான் கடையில் எடைக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு தருவதாகச் சொன்னார். மாமா எல்லோர் சொல்லையும் காது கொடுத்துக் கேட்டார், ஒன்றுக்கும் தலையாட்டவில்லை. வந்தவர் போன பிறகு, "அப்பா ஞாபகமா இருக்கட்டும்னு நினைக்காக, பாவம்" என்று அத்தை எங்களிடம் சொன்னாள்.

அத்தை சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தாத்தாவின் கத்தரிக்கோலையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் தையற்காரர், அப்பாவின் குறட்டைப் பிறர் தொட விடாத பொற்கொல்லர், தேய்ந்து பாதியாகிப்போன கொத்துக்கரண்டியை மாற்ற மறுக்கும் கொத்தனார் ஆகிய எல்லோரையும் பற்றிப் பேசும்போது, பாசம் என்று சொல்லி முடித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். பாசம் மட்டுமே காரணம் என்றால், தாத்தாவின் மூக்குக்கண்ணாடியையும் வெற்றிலைச் செல்லத்தையும் கைத்தடியையும் மாமா முதலில் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். அவை எங்கே போயின என்று அவருக்கே தெரியாது. ஆயுதங்களிலும் எல்லாவற்றையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. எஃகு தீர்ந்துபோன உளிகளையும் பல் உதிர்ந்த ரம்பம் ஒன்றையும் அவர் எந்த வருத்தமும் இல்லாமல் எடைக்குப் போட்டதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கட்டை வெடித்த இழைப்புளி ஒன்று அடுப்புக்குப் போனது. இப்படி ஆராய்ந்து, கழித்து, மிச்சத்தை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் பாசம் எத்தகையது என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் இருந்தவை

எங்கள் ஊர் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகிற ஊர். தாத்தா காலத்தில் தச்சு வேலை என்றால் முதலில் உழவுக்கான வேலை: கலப்பை, நுகத்தடி, பரம்புப் பலகை, மாட்டுவண்டி. வீட்டு நிலையும் கதவும் அதற்கு அடுத்தபடிதான். ஒருவர் நல்ல தச்சரா என்பதை ஊர் அவர் செய்த வண்டிச் சக்கரத்தை வைத்தே முடிவு செய்தது. நடுவில் குடம், குடத்திலிருந்து பன்னிரண்டு ஆரக்கால்கள், வெளியே ஆறு வட்டைகள், ஒவ்வொரு வட்டைக்கும் இரண்டு ஆரக்கால், அதற்கு மேல் கொல்லர் பழுக்கக் காய்ச்சி மாட்டும் இரும்புப் பட்டா, குளிர்ந்து சுருங்கும்போது சக்கரம் முழுவதையும் இறுக்கிப் பிடித்துவிடும். ஆரக்கால் இறங்கும் துளை மயிரிழை தளர்ந்திருந்தாலும் பாரம் ஏற்றிய வண்டி வரப்பு மேட்டில் ஏறும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் துளையை எடுப்பது உளி. வைரம் பாய்ந்த கருவேலங்கட்டையை வளைவாகச் செதுக்கி வட்டை ஆக்குவது வாச்சி. டயர் வண்டியும் பிறகு டிராக்டரும் வந்த பின் சக்கர வேலை ஓய்ந்துபோனது. மாமா காலத்தில் கதவு, ஜன்னல், கட்டில், கடைசியில் பிளைவுட் அலமாரி என்று வேலை மாறியது. ஆயுதங்களில் பெரும்பாலானவை மாறவில்லை.

வாச்சியைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை: அதன் வாய் மண்வெட்டியின் வாயைப் போலப் பிடிக்குக் குறுக்காக அமைந்திருக்கும். தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் அண்டக்கொடுத்துக்கொண்டு, தன்னை நோக்கியே வெட்டுகிற கருவி அது. எங்கள் வீட்டு வாச்சியின் பிடி கருவேலம். உள்ளங்கை அழுந்தும் இடத்தில் கட்டை வழவழவென்று குழிந்து, அதற்குச் சற்று மேலே ஆட்காட்டி விரல் தங்கும் இடத்தில் இன்னொரு சிறு பள்ளம் விழுந்திருக்கிறது. தலையின் பின்பக்கம் ஆணி அடித்தும் ஆப்பு அடித்தும் ஓரங்கள் பிதுங்கி மழுங்கிக் கிடக்கிறது. வாய்ப்பக்கம் எஃகு தேய்ந்து தேய்ந்து தீர்ந்தபோதெல்லாம் பட்டறையில் கொடுத்துப் புது எஃகு வைத்து அடித்து வாங்கியிருக்கிறார்கள். ஆகவே, கொள்ளுத்தாத்தாவின் வாச்சி என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் அந்தக் கருவியில் வெட்டும் வாய் அவர் காலத்தது இல்லை. பிடியும் அநேகமாக இல்லை. இதை ஒரு குறையாக மாமா ஒருநாளும் நினைத்ததில்லை. வாய் மாறினாலும் வாச்சி அதேதான் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

பெட்டிக்கு வெளியே, சுவரில் சாய்த்து வைத்திருந்தது பெரிய இழைப்புளி. நீளமான பலகைகளின் விளிம்பை நேராக்குவதற்கானது. அதன் முன்பக்கத்தில் குறுக்காக ஒரு கட்டை செருகியிருக்கும். பின்னால் இருப்பவர் அழுத்தித் தள்ள, முன்னால் இருப்பவர் அந்தக் குறுக்குக்கட்டையைப் பிடித்து இழுப்பார். முன்னால் இழுப்பது சிறுபிள்ளைகளின் வேலை. தாத்தாவுக்கு மூத்த பிள்ளை என் அம்மா. ஆகவே பல ஆண்டுகள் இழைப்புளியை இழுத்தவள் அவள்தான். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் சீவல் பிய்ந்துகொண்டு வரும், தாத்தா எப்போது அழுத்துவார், எப்போது தளர்த்துவார் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். வயதுக்கு வந்த பிறகு அவளைப் பட்டறைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் விட்ட இடத்தில் மாமா வந்து உட்கார்ந்தார். உளியைப் பிடிக்கும் பாடம் அவருக்குத்தான் கிடைத்தது.

பழைய ஆயுதம் கைக்கு ஏன் இசைகிறது

மாமாவிடம் மின் இழைப்பானும் மின்சார அறுவையும் துளைபோடும் எந்திரமும் இருந்தன. எந்திரம் வந்தபோது முதலில் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். பலகையைக் கிழிப்பதற்கு இன்னும் கைரம்பத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் வேலை என்று வெளிப்படையாகச் சொல்வார். ஆனால் கதவுக்குக் கீல் பதிக்கிற இடத்திலும், பூட்டுக்குத் துளை எடுத்து முடிக்கிற இடத்திலும், இரண்டு சட்டங்கள் கூடும் மூலையிலும் கை தானாகப் பழைய உளியைத் தேடிப் போகும். பழைமைமேல் பிடிவாதம் கொண்டவர்கள் என்று தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லப்படுவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். எதை எந்திரத்துக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் நாள்தோறும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் முதல் இடம் எஃகுக்கு. நம் ஊர்க் கொல்லர்கள் செய்த பழைய உளிகளில் உடல் மெத்தென்ற இரும்பாகவும் வாய் மட்டும் எஃகாகவும் இருக்கும். இரண்டையும் நெருப்பில் ஒட்டி அடித்து ஒன்றாக்கியிருப்பார்கள். வெட்டுவதற்கு எஃகின் கடினம் வேண்டும். மரச்சுத்தியலான கொட்டாப்புளியின் அடியைத் தாங்குவதற்கு இரும்பின் நெகிழ்வு வேண்டும். இதில் இன்னொரு வசதி உண்டு. சாணைக்கல்லில் தேய்க்கும்போது மெல்லிய எஃகு மட்டுமே எதிர்த்து நிற்கும். பின்னால் உள்ள இரும்பு சீக்கிரம் கரையும். அதனால் கூர் விரைவில் ஏறும். தேக்கு மரத்தில் மணற்சத்து உண்டு. எந்தக் கூரையும் அது விரைவில் மழுக்கிவிடும். நாள் முழுவதும் தேக்கில் வேலை செய்பவருக்கு, மழுங்காத உளி கிடைக்கப்போவதில்லை. மழுங்கினால் எளிதாகத் தீட்டிக்கொள்ளக்கூடிய உளிதான் வேண்டும். தாத்தா வாங்கியிருந்த இரண்டு சீமை உளிகளில், மூசையில், அதாவது நெருப்பைத் தாங்கும் மண்கலத்தில், உருக்கி வார்த்த எஃகு என்ற பொருளில் ஆங்கில முத்திரை குத்தியிருக்கிறது. அந்த முறையை 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் வளர்த்தெடுத்தார் என்பது தொழில் வரலாறு. அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே நொய்யல் கரையில் கொடுமணலில் மூசையில் எஃகு உருக்கியிருக்கிறார்கள் என்பதை அகழாய்வுகள் காட்டுகின்றன. அந்த முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ரம்பத்தின் கதை இன்னும் தெளிவானது. இப்போது கடைகளில் கிடைக்கும் கைரம்பங்கள் பலவற்றில் பல்லின் நுனி மட்டும் கருநீலமாக இருக்கும். மின்தூண்டல் முறையில் நுனியைச் சூடேற்றிக் கடினப்படுத்தியதன் அடையாளம் அது. வாங்கிய அன்று அற்புதமாக அறுக்கும். நெடுநாள் கூராகவும் இருக்கும். ஆனால் மழுங்கிய பிறகு அரத்தால் அதைத் தீட்ட முடியாது. அரத்தைவிடப் பல் கடினமாகிவிட்டிருக்கும். தூக்கி எறிவதைத் தவிர வேறு வழி கிடையாது. மாமாவின் பழைய ரம்பம் அப்படிப்பட்டது இல்லை. முப்பட்டை அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, பிறகு ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் மிகச் சிறிதே சாய்த்துவிடுவார். அப்படிச் சாய்த்தால்தான் வெட்டுவாய் தகட்டைவிட அகலமாகி, ரம்பம் மரத்துக்குள் சிக்காமல் ஓடும். ஈர மரத்துக்குச் சாய்வைக் கூட்டுவார். காய்ந்த மரத்துக்குக் குறைப்பார். தகடு அகலம் குறைந்துகொண்டே வந்தாலும் அந்த ரம்பம் ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகத் தயாராகிவிடும். தன் தேவைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கும் கருவிக்கும், செய்தவர் முடிவு செய்ததோடு மூடிக்கொண்ட கருவிக்கும் உள்ள வேறுபாடு இது. தொழிலாளி முன்னதை விரும்புவதில் என்ன வியப்பு இருக்கிறது?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அந்தக் காலத்து ஆயுதமே ஆயுதம் என்ற பேச்சை நான் நம்பவில்லை. அந்தக் காலத்திலும் மட்டமான உளிகள் இருந்தன. பழுக்கக் காய்ச்சித் தோய்த்துப் பதமேற்றும் தோய்ச்சல் சரியாக அமையாமல் வாய் பொடிந்தவையும், வளைந்தவையும் இருந்தன. அவையெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. மூன்று தலைமுறை கழித்தெடுத்து மிஞ்சியவற்றை மட்டும் நாம் இன்று பார்க்கிறோம். ஆகையால் பழைய பெட்டி ஒன்றில் நல்ல ஆயுதங்களாகவே இருப்பதற்குக் காரணம் காலம் மட்டும் இல்லை. அந்தப் பெட்டிக்கு உரியவர்கள் இரக்கமில்லாமல் செய்த தேர்வும்தான். மாமாவின் பாசம் ஆராய்ந்து கழிக்கும் பாசமாக இருந்ததன் பொருள் எனக்கு இப்படித்தான் மெல்லப் பிடிபட்டது.

வாரிசு என்ற வார்த்தை வரும்போது

கருவியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் கருவி என்று நாம் மகிழ்ந்து சொல்லும்போது, நம் ஊரில் அந்த வாக்கியத்துக்குள் சாதி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. தச்சர் மகன் தச்சர், கொல்லர் மகன் கொல்லர் என்பது விருப்பத்தால் நடந்தது இல்லை. வேறு வழி இல்லாததால் நடந்தது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்றபோது, அதற்குக் குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தவர்களின் கோபம் நியாயமானது. காமராஜர் முதலமைச்சரான 1954-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அது நீடித்திருந்தால் மாமா மகன் சென்னைக்குப் போயிருப்பானா என்பது ஐயமே.

இந்த விவாதம் முடிந்துபோன ஒன்றும் இல்லை. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைச் சேர்ந்தவர்களுக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை தருகிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையையும், 18 வயதிலேயே சேரலாம் என்பதையும் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது: 25 தொழில்கள், 35 வயது நிறைந்தவர்கள், சாதியும் குடும்பமும் கேட்கப்படாமல் மானியத்தோடு 3 லட்சம் ரூபாய் வரை கடன். இந்த வேறுபாட்டில் நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பள்ளி முடித்த பிள்ளையின் கையில் அப்பாவின் உளியைத் திணிப்பதற்கு எந்த அரசும் ஊக்கத்தொகை தரக் கூடாது. ஆனாலும், அப்பாவின் உளி என்று மாமா சொல்லும்போது அவர் குரலில் வரும் பெருமையை என்னால் பழிக்க முடியவில்லை. இந்த இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொள்வது என்பதுதான் எனக்குத் தீராமல் இருந்தது. என் அம்மாவை நினைக்கும்போது அது இன்னும் சிக்கலானது. ரத்த வழி என்று பார்த்தால் அவளும் வாரிசுதான், மூத்த வாரிசு. ஆனால் குடும்பச் சொத்தான அந்தப் பெட்டியிலிருந்து அவளுக்கென்று ஒரு முப்பட்டை அரம்கூட வந்ததில்லை.

தீட்டிய மாலை

மாமாவிடம் பல ஆண்டுகளாக வேலை பார்த்தவர் ஒருவர் உண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, வாழைத்தோட்டக் கூலிக்குப் போகப் பிடிக்காமல் பட்டறைக்கு வந்து சேர்ந்தவர். ஆசாரி வீட்டுப் பிள்ளை இல்லை. முதலில் சீவல் கூட்டினார், பிறகு இழைப்புளி இழுத்தார், பிறகு உளி பிடித்தார். இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறார். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாமல் போனதும், மாமா ஒருநாள் அவரை வரச் சொன்னார். நாங்கள் எல்லோரும் ஊரில் இருந்த நேரம் அது. "ஆசாரி வீட்டு ஆயுதம் அசலாள் கைக்குப் போறதா?" என்று உறவினர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே கேட்டார். மாமா அவருக்குப் பதில் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, ஓர் அங்குல அகலமும் அரை அங்குல அகலமும் உள்ள தாத்தாவின் உளிகள் இரண்டை எடுத்து வந்தவரிடம் கொடுத்து, "தீட்டு, பாப்போம்" என்றார்.

அவர் உடனே கல்லில் வைத்துவிடவில்லை. அகல உளியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலைமட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வாய் நேராக இல்லை. ஒரு பக்கம் சற்று உள்வாங்கிச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாத்தாவின் கைவாகு அது, அந்தச் சாய்வில்தான் அவருடைய நுணுக்கமே இருந்தது என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். "அண்ணாச்சி, இந்தச் சாய்வை அப்படியே விட்டுரவா, நேராக்கிரவா?" என்று அவர் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் எனக்கு நெஞ்சு பதறியது. விட்டுவிடச் சொல்லுங்கள் என்று மாமாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றிருந்த அம்மா பேசினாள்.

"அது அப்பாவோட பெருவிரல்" என்றாள். மாமாவே நிமிர்ந்து பார்த்தார். அம்மா சிறுமியாக இழைப்புளி இழுத்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு வட்டையைச் செதுக்கும்போது வாச்சி துள்ளித் தாத்தாவின் வலக்கைப் பெருவிரலில் பட்டுவிட்டதாம். காயம் ஆறியது, விரல் முன்போல மடங்கவில்லை. அதற்குப் பிறகு உளியைக் கல்லில் வைத்துத் தேய்க்கும்போது ஒரு பக்கம் அழுத்தம் குறைந்துகொண்டே போனது. மறுபக்கம் கூடுதலாகத் தேய்ந்தது. ஆண்டுக்கணக்கில் அப்படித் தேய்ந்து விழுந்ததுதான் அந்தச் சாய்வு. "நேரா இல்லையேன்னு அவரே வைவாரு" என்றாள் அம்மா. காயம் பட்டபோது மாமா கைப்பிள்ளை. அவருக்கு அது தெரியாது. தாத்தா யாருக்கும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பட்டறையைவிட்டு அனுப்பப்பட்ட மகள் ஒருத்தியின் நினைவில் மட்டும் அந்த உளியின் வரலாறு இருந்திருக்கிறது.

மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் கைக்கு எது தோதோ அப்படி வச்சுக்கோ" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு பெட்டி கைமாறிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கொடுப்பது என்றால், திருத்திக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பது. நானும் மாமா மகனும் காப்பாற்ற நினைத்தது தாத்தாவின் தழும்பைத்தான். மாமா கொடுக்க நினைத்தது ஓர் உளியை. எங்கள் விருப்பத்தில் தவறு இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஒரு மனிதரின் உடல் பட்ட பாடு இரும்பில் பதிந்திருப்பது சாதாரணமானதா? ஆனால் அந்தப் பதிவோடு அந்த உளியால் வேறொருவர் நேராக வெட்ட முடியாது.

அவர் மின்சாணையைக் கேட்கவில்லை. அதில் வைத்தால் வாய் சூடேறி நீலம் பாய்ந்து எஃகின் பதம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். சொரசொரப்பான கல்லை நனைத்து, இரண்டு கைகளாலும் உளியைப் பிடித்துக் கைமுறையாகவே தேய்க்கத் தொடங்கினார். கருஞ்சேறாக வந்ததை வழித்துவிட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி தேய்த்தார். பொழுது சாயும் நேரத்தில் பழைய வாய் கரைந்து, புது வாய் மூலைமட்டத்துக்கு இசைந்து வந்தது. அப்போது சரிவில் இரண்டு நிறங்கள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன: மேலே மங்கிய சாம்பல் நிறத்தில் இரும்பு, நுனியில் பளபளவென்று எஃகு, நடுவில் அலையலையாக ஒரு கோடு. கொல்லர் ஒருவர் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் நெருப்பில் ஒட்டிய இடம் அது. உளியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தவர், "இன்னும் ரெண்டு விரக்கடை எஃகு இருக்கு, அண்ணாச்சி. என் காலத்துக்குத் தாங்கும்" என்றார். மாமா வாங்கி, நகத்தில் வைத்துக் கூர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அரை அங்குல உளியை அவர் நேராக்கவில்லை. அதிலும் அதே சாய்வு இருந்தது. பெருவிரலின் கதையைக் கேட்ட பிறகு இரக்கப்பட்டு விட்டுவைத்தார் என்று நினைத்தேன். காரணம் அது இல்லை. சட்டங்கள் கூடுகிற இடத்தில் உள்மூலையைச் சுத்தம் செய்ய நேர்வாய் உளி நுழையாது, சாய்வாய் உளிதான் நுழையும், இப்படி ஒன்று தன்னிடம் இல்லை என்றார். தாத்தாவின் விரல் மடங்காததால் உண்டான சாய்வு, அவர் நினைத்தே பார்க்காத ஒரு வேலைக்கு இப்போது உதவப்போகிறது. பெட்டியில் உள்ள மற்றவற்றையும் அவர் அப்படித்தான் பார்த்தார்: இது ஓடும், இது ஓடாது, இதற்குப் பிடி மாற்ற வேண்டும், இதற்கு எஃகு வைக்க வேண்டும். மாமாவின் கண்ணும் அப்படித்தான் பார்க்கும். அந்தப் பார்வையை மாமா தன் மகனுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை. சீவல் கூட்ட வந்த பையன் அதைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

மிஞ்சியவை

பெட்டியிலிருந்து ஒன்றை மட்டும் அவர் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார். அது தாத்தாவின் முழக்கோல்: இருபத்துநான்கு பகுதிகளாகக் கோடு கிழித்த, ஏறக்குறைய 33 அங்குல நீளமுள்ள தச்சு முழம். மனையடிக் கணக்குப் பார்த்து நிலை வைத்த காலத்தில் அதுவே அளவு. நாடு மெட்ரிக் அளவுக்கு மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னும் மரக்கடையில் அடியும் அங்குலமும் செல்லுபடியாகின்றன. முழக்கோலை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன். வேலை செய்யும் ஆயுதம் வேலை செய்பவரிடமும், வேலை முடிந்துபோன ஆயுதம் நினைவு வைத்திருக்க விரும்புபவரிடமும் போனதில் எனக்கு நிறைவு உண்டு. அம்மா சிறிய இழைப்புளி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் மழைக்காலத்தில் உப்பிப்போகும் கதவுகளின் விளிம்பை இப்போது அவளே சீவிக்கொள்கிறாள், யாரையும் கூப்பிடுவதில்லை.

வாச்சியின் நிலைமைதான் கவலையாக இருக்கிறது. அதன் வாயில் எஃகு தீர்ந்துவிட்டது. பழைய நாளாக இருந்தால் தெருமுனைப் பட்டறையில் கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கியிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பட்டறை மூடி வெகுகாலம் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் துருத்தி மூட்டும் கொல்லர்களில் பெரும்பாலோர் லாரியின் வில்பட்டையை வெட்டி அரிவாள் அடிப்பவர்கள். இரும்பில் எஃகை ஒட்டித் தோய்ச்சல் வைக்கும் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. தச்சருக்குக் கருவி வாங்கப் பணம் தருகிற திட்டங்களில், அந்தக் கருவியைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்கும் கொல்லரின் உலைக்கும் தனியாக ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். 15,000 ரூபாய்க்கு வாங்கும் புதிய கருவிகள் மழுங்கிய பிறகு எங்கே போகும் என்று கேட்காமல் இருப்பது சரியில்லை.

விசாரித்ததில், அடுத்த வட்டத்தில் ஒரு பட்டறையில் வயதான கொல்லர் ஒருவர் இன்னும் அந்த வேலையைச் செய்கிறார் என்று தெரிந்தது. வாச்சிக்கு எஃகாகப் பழைய அரத்தைத்தான் வைப்பாராம். தேய்ந்த அரங்கள் நான்கைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஆயுதத்தை மட்டும் கொடுத்தனுப்பினால் போதாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாய் எவ்வளவு உள்வாங்கி வளைய வேண்டும் என்பதைப் பிடிக்கிறவரின் கையையும் உட்காரும் வாகையும் பார்த்துத்தான் அடிக்க முடியுமாம். வாச்சியோடு, பெட்டியை வாங்கிக்கொண்டவரே நேரில் போவதாக ஏற்பாடு. லேத் பட்டறைகளில் கேட்டுத் தேய்ந்த அரங்களைச் சேர்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன், இரண்டு சேர்ந்திருக்கின்றன.